கடல் நடுவே ஒரு பங்குக் கிணறு

கப்பலேறினால் ஊருமில்லை, உறவுமில்லை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. கொழும்பிலே மேனாட்டுக்குக் கப்பலேறியவர் ஏடனில் இறங்கித் தபாற்பெட்டியில் இட்ட கடிதம் வீடு வந்து சேரும்வரை, அவர் சுகமாயிருக்கிறாரா என்பதை அறிய வீட்டாருக்கு வழி கிடையாது. தெய்வத்தை வேண்டிக்கொண்டு காத்திருப்பதே அவர்களாற் செய்யக்கூடியதாயிருந்தது. இன்றோ உல்லாசக் கப்பலிற் பிரயாணச் சீட்டு வாங்கப் போகின்றவர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, "கப்பலில் இணையம் உண்டா? படம் பார்க்கலாமா?" என்பதாகும்.

நடுக்கடலிலே கட்டிலிற் சாய்ந்தபடி கைத்தொலைபேசியில் முழுநீளத் திரைப்படம் பார்ப்பது இன்று நடக்கக்கூடிய காரியமே. அது எவ்வாறு நடக்கின்றது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கின்றார்கள் என்பன பற்றி வாசக நேயர்களுடன் இவ்வாரம் சிறிது உரையாட விரும்புகிறோம். இவ்விஷயம் உல்லாசப் பிரயாணஞ் செய்யும் வசதி படைத்தோருக்கு மட்டும் உரியதன்று. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரெஸ்' என்னும் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கும் வந்து சென்றது. அத்தகைய கப்பலிற் பயணஞ் செய்பவர் நம்மவருட் சிலர். கப்பல்களில் உழைக்கின்றவர் நம்மவருட் பலர். மகனையோ கணவனையோ கடலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்விஷயம் உரியது.

கடலிலே செய்தி என்பது தொடக்கந்தொட்டே விலையுயர்ந்த பொருள். 1899ஆம் ஆண்டு நவம்பரிலே மார்க்கோனி 'சென் போல்' என்னும் கப்பலில் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கரையை அணுகுகையில், வைட் தீவிலிருந்த தமது நிலையம் கம்பியில்லாத் தந்தி மூலம் அனுப்பிய செய்திகளைக் கப்பலிலேயே அச்சிட்டு, ஒரு சிறு பத்திரிகையாக்கிப் பிரயாணிகளுக்கு விற்பித்தார். பிரதி ஒன்றின் விலை ஒரு டொலர். அக்காலத்தில் அது சிறு தொகையன்று. அவ்வாறு திரண்ட பணம் கடலோடிகளின் நலநிதிக்குக் கொடுக்கப்பட்டது. இக்கடைசி விவரத்தை நேயர்கள் மனத்திலே குறித்து வைத்தல் வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் கழிந்தன. 1912ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆம் தேதி இரவு டைட்டானிக் கப்பலின் தந்தியறையிலே செல்வப் பிரயாணிகளின் தந்திகள் குவிந்து கிடந்தன. முதற் பத்துச் சொற்களுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கும் ஆறு பென்சும் கட்டணம். நலம் விசாரித்தும், வியாபாரம் பேசியும் எழுதப்பட்ட அத்தந்திகளை, நியூபவுண்லாந்திலுள்ள றேஸ் முனை நிலையத்துக்கு அனுப்பும் வேலையில் தந்தியாளர் பிலிப்ஸ் மூழ்கியிருந்தார். அவ்வேளை அயலில் நின்ற 'கலிபோர்னியன்' என்னும் கப்பல், பனிக்கட்டிகள் சூழ்ந்தமையாற் றான் நின்றுவிட்டதாக அறிவித்தது. "நான் வேலையாயிருக்கிறேன், குறுக்கிடாதீர்" என்னும் கருத்திற் பதில் போயிற்று. கலிபோர்னியனின் தந்தியாளர் சிறிது நேரத்திற் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் பனிமலையுடன் மோதியது. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். கப்பல் அமிழும் தறுவாயிலும் அபாயச் செய்தியை அனுப்பிக்கொண்டேயிருந்து உயிர்துறந்த பிலிப்சைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. பாதை ஒன்றேயிருக்கையில் காசு கொடுத்த செய்தி அதனை அடைத்துக்கொள்ளுமாயின், அவசியமான செய்தி வெளியே நிற்க நேரிடும் என்பதே நாம் எடுத்துக்காட்ட விரும்புவது. 1914ஆம் ஆண்டு இலண்டனிற் கையெழுத்தான கடலுயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் இப்பாடத்திலிருந்தே பிறந்தது.

கடலுக்கும் கரைக்கும் இடையே அகன்ற பாதை திறந்தது செய்மதிகள் வந்த பின்னரேயாம். அவ்வெண்ணத்தை உலகுக்கு விளக்கி எழுதியவர் எமது நாட்டுக்கு அந்நியரல்லர். 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையைத் தமது உறைவிடமாகக் கொண்டு, 2008இல் கொழும்பிலே காலமான ஆர்தர் சி. கிளார்க்கே அவர். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திலே சுற்றும் ஒரு பொருள், பூமியுடன் ஒத்துச் சுழல்வதால் வானில் ஒரேயிடத்தில் நிற்பது போலத் தோன்றும். அத்தகைய மூன்று நிலையங்கள் உலகத்தின் பெரும்பாகத்தை இணைக்கும் என்று 1945ஆம் ஆண்டு ஒக்டோபரிலே 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் சஞ்சிகையில் அவர் எழுதினார். 1976இல் மரிசாட் என்னும் செய்மதிகள் கப்பல்களுக்கெனவே ஏவப்பட்டன. 1979இல் இன்மார்சாட் என்னும் சர்வதேச நிறுவனம் அமைந்தது.

ஆனால் உயரத்துக்கும் ஒரு விலையுண்டு. ஒளியின் வேகம் செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர். 36,000 கிலோமீற்றர் ஏறி, அவ்வளவு தூரம் இறங்க ஏறக்குறைய கால் செக்கன் செல்லும். கேள்வி போய் மறுமொழி வருவதற்கு அரைச் செக்கன். "அம்மா, சாப்பிட்டீர்களா?" என்று மகன் கேட்டுவிட்டு அரைச் செக்கன் காத்திருக்க வேண்டும், அதற்குள் இருவரும் ஒருங்கே பேசத் தொடங்கி, ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சின்மேல் ஏறிவிடும். இக்குறையை நீக்கச் செய்மதிகளைக் கீழிறக்கினர். ஏறக்குறைய 8,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் 'ஓ3பி' செய்மதிகள் 2013 முதல் ஏவப்பட்டன. 2019 முதல் ஏவப்பட்டு வரும் ஸ்டார்லிங்க் செய்மதிகளோ ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உயரத்தில் ஆயிரக்கணக்கிற் சுற்றுகின்றன. இச்சேவை 2025ஆம் ஆண்டில் எமது நாட்டிலும் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு ஓகஸ்டில் றோயல் கரிபியன் நிறுவனம் தனது கப்பல்கள் யாவற்றிலும் இதனைப் பொருத்தப் போவதாக அறிவித்தது. பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழியே சென்றன. ஒரு நிமிடத்துக்கு முக்கால் டொலர் என்று நேரங்கணக்கிட்டு விற்கப்பட்ட இணையம் இன்று நாட்கணக்கில் விற்கப்படுகின்றது.

அப்படியாயின் குறை யாவும் தீர்ந்தனவா? இங்கேதான் நேயர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். 2024இற் கடலில் இறங்கிய 'ஐகன் ஒவ் த சீஸ்' என்னும் கப்பல் நிரம்பினால் 7,600 பிரயாணிகளையும் 2,350 ஊழியரையும் கொள்ளும். அஃதாவது, ஏறக்குறைய பதினாயிரம் பேர் வாழும் ஒரு பட்டினம். தெளிவான படமொன்றை இணையத்திலே தடையின்றிப் பார்க்க ஒருவருக்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் வேண்டும். இராப்போசனத்தின் பின் ஆயிரம் பேர் ஒருங்கே படம் பார்க்க அமர்ந்தால் 5,000 மெகாபிட் வேண்டும். ஓர் அன்ரெனாவுக்கு நல்ல வேளையிற் கிடைப்பதோ சில நூறு மெகாபிட்டே. ஆகவேதான் பெருங்கப்பல்களின் உச்சியிலே பல அன்ரெனாக்களை வரிசையாகப் பொருத்துகின்றனர். அப்படியிருந்தும் மாலை நேரத்திலே வேகம் குன்றுகிறது.

யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றை அறிந்தவர்களுக்கு இந்நிலையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஊற்று ஒன்று, பங்காளிகள் பலர். ஒருவர் தமது தோட்டத்துக்குப் பொறி வைத்து இறைக்கத் தொடங்கினால், குடத்துடன் வந்தவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். முறை என்ற ஒன்று வகுக்கப்பட்டது அதனாலன்றோ?

கப்பலிலும் இறைப்பவர் ஒருவர், குடத்துடன் நிற்பவர் வேறொருவர். படம் பார்ப்பதற்குத் தாமதம் ஒரு பொருட்டன்று. கருவி சிறிது முன்கூட்டியே வாங்கிச் சேமித்து வைத்துக்கொண்டு ஓட்டும். ஆனால் அது விழுங்கும் அளவு பெரிது: ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டேகால் ஜிகாபைட் வரை செல்லும். குரலாற் பேசுவதற்கோ செக்கனுக்கு மெகாபிட்டிற் பத்திலொரு பங்கு போதும். ஆயின் அது தடையின்றி, உடனுக்குடன் கிடைத்தல் வேண்டும். ஒருவர் படம் பார்க்கும் இடத்தில் ஐம்பது பேர் தத்தம் வீட்டாருடன் பேசலாம் என்பது இதனாற் பெறப்படும்.

பிரயாணஞ் செய்யவிருப்போருக்குச் சில யோசனைகள். பார்க்க விரும்பும் படங்களைப் புறப்படுமுன் வீட்டிலேயே கருவியில் இறக்கி வைத்துக்கொள்ளுதல் நன்று. செலவு மிச்சம் என்பது மட்டுமன்று. படங்களைக் காட்டும் உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வீட்டிற் பார்த்த தொடரின் அடுத்த பகுதி கடலிலே கிடையாமற் போவதுமுண்டு. கப்பல் கரைவிட்டதும் கைத்தொலைபேசியை விமானப் பயன்முறையில் இட்டுவிட்டுப் பின்னரே கப்பலின் இணையத்திற் சேர்தல் வேண்டும். பல கப்பல்களுக்குச் சொந்தமாகத் தொலைபேசிக் கோபுரமும் உண்டு. கவனியாது விட்டால் கருவி தானாகவே அதனைப் பற்றிக்கொள்ளும். வீடு திரும்பியபின் வரும் கட்டணச் சீட்டைக் கண்டு தலையிற் கைவைக்க நேரும். எடுத்த புகைப்படங்களைத் தானாக அனுப்பும் ஏற்பாட்டையும் நிறுத்தி வைத்தல் நலம். இணையப் பொதிகளிலே செய்திப் பரிமாற்றத்துக்கு மட்டுமானது மலிவு. படம் பார்ப்பதற்கானது விலை கூடியது. எது வேண்டுமென்பதை முன்னரே தீர்மானித்து வாங்குதல் புத்திசாலித்தனம். சில நாடுகள் தமது கடலெல்லைக்குள் இச்சேவையை அனுமதிப்பதில்லையாதலால், கரை தெரியும் வேளையிலேயே இணையம் நின்றுபோவதும் உண்டு.

இனி, நாம் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருவோம். அப்பட்டினத்திலுள்ள ஊழியரைப் பற்றியது அது. படுக்கை விரிப்பவர், கோப்பை கழுவுபவர், இயந்திர அறையில் வெந்து உழைப்பவர் ஆகியோர் ஆறு மாதம், எட்டு மாதம், ஒன்பது மாதம் என்று வீட்டைப் பிரிந்திருப்பவர்கள். பிரயாணிக்கு இணையம் பொழுதுபோக்கு. இவர்களுக்கோ அதுவே வீட்டு வாசல். பிறந்த குழந்தையின் முகத்தை முதன்முதலிற் கைத்தொலைபேசித் திரையிலே காணும் தந்தையர் இவர்களுள் எத்தனை பேர்! 2020ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்தில், பிரயாணிகளை இறக்கிவிட்ட பின்னரும், பல்லாயிரம் ஊழியர் மாதக்கணக்காகக் கரையிறங்க இயலாது உல்லாசக் கப்பல்களிலேயே அடைபட்டிருந்தனர். அந்நாட்களில் அவர்களுக்கிருந்த ஒரே உறவு இந்த இணையமே. அவ்வாறிருந்தும், பல கப்பல்களிலே ஊழியர் தமது சம்பளத்திலிருந்தே இதற்குப் பணம் செலுத்துகின்றனர். பிரயாணிகள் உறங்கிய பின் நள்ளிரவிலே, தமது உறக்கத்தைத் தியாகஞ் செய்து வீட்டாருடன் பேசுகின்றனர்.

"இணையம் வந்தபின் மாலுமிகள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, சாப்பாட்டுக்கூடம் மௌனமாகிவிட்டது, உறக்கங் கெடுகின்றது" என்று மூத்த கடலோடிகள் சிலர் குறைப்படுவதுண்டு. அதில் உண்மையில்லை என்று நாம் சொல்லோம். ஆயினும், விளக்கெண்ணெய் வீணாகிறது என்பதற்காக வீட்டை இருட்டில் வைப்பாருண்டா? நேரத்தை அளவோடு பயன்படுத்தப் பழக்குவதே அதற்குப் பரிகாரம், பாதையை அடைப்பதன்று.

உலகமும் இதனை ஏற்றுக்கொண்டுவிட்டது. கடற்றொழிலாளர்க்கான 2006ஆம் ஆண்டுச் சர்வதேசச் சமவாயத்திலே 2022இற் செய்யப்பட்ட திருத்தங்கள், 2024ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. இயன்ற அளவுக்குக் கப்பலுடைமையாளர் தமது ஊழியருக்கு இணையம் உள்ளிட்ட தொடர்பு வசதிகளை அளித்தல் வேண்டும் என்றும், கட்டணம் அறவிடுவதாயின் அது நியாயமான அளவினதாயிருத்தல் வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. துறைமுகத்திலும் நங்கூரமிட்ட இடத்திலும் கடலோடிகளுக்கு இணையம் கிடைக்கச் செய்யுமாறு நாடுகளையும் அவை கேட்டுக்கொள்கின்றன. "இயன்ற அளவுக்கு" என்னுஞ் சொற்றொடர் மிக நெகிழ்ச்சியானது. அதனை இறுக்குவது, கேட்பாரின் குரலேயாகும்.

ஆகவே, மகனைக் கப்பல் வேலைக்கு அனுப்பும் பெற்றோர் ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன் சம்பளம் எவ்வளவு, விடுமுறை எப்போது என்று கேட்பதோடு நில்லாது, கப்பலில் ஊழியருக்கு இணையம் உண்டா, நாளொன்றுக்கு எவ்வளவு, கட்டணம் யாது என்றும் கேட்டு, கூடுமாயின் எழுத்திற் பெற்றுக்கொள்ளட்டும். அது பேராசையன்று; சமவாயம் வழங்கிய நியாயம். உல்லாசப் பிரயாணஞ் செய்யும் நேயர்களும் சீட்டு விற்கும் முகவரிடம், "எமக்கு இணையம் உண்டா?" என்று கேட்கும் அதே மூச்சிலே, "உங்கள் ஊழியருக்கு உண்டா?" என்றும் ஒரு கேள்வியைக் கேட்டு வைப்பார்களாக. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு வியாபாரி செவிசாய்ப்பான்.

1899இலே கடற்பிரயாணிகள் ஆளுக்கொரு டொலர் கொடுத்துச் செய்தி வாங்கினர். அந்த டொலர் கடலோடியின் நலத்துக்குச் சென்றது. இன்று பிரயாணி கொடுக்கும் டொலர்கள் பல. அவற்றிலொரு சிறு பங்கேனும், அவரது படுக்கையை விரித்துவிட்டுச் சென்றவர் தம் தாயின் குரலைக் கேட்பதற்கு உதவுமாயின், அக்கிணற்று நீர் எவருக்கும் இனிக்கும்.