அறையைவிட எத்தனை டிகிரி?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை நம் சர்வீஸ் கடைகளுக்கு வருகிற புகார் ஒன்றுதான்: “சார், ப்ராசஸர் எண்பதைத் தாண்டுது. அம்பதுக்குள்ள கொண்டுவந்து குடுங்க.” சரி என்று தலையாட்டி, பேஸ்ட்டை மாற்றி, காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். சில நாளில் அதே சிபியு மறுபடி வாசலில் நிற்கிறது. முடியாததற்குத் தலையாட்டினால் வேறென்ன நடக்கும்?

விசிறிக் கூலரோ தண்ணீர் சுற்றும் ஏஐஓவோ, எதுவும் ப்ராசஸரை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. மே மாதத்தில் கடற்காற்று தாமதமாகிற பகலில், மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை 36 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். 65 வாட் வேலையில் ஒரு கூலர் அறையைவிட 40 டிகிரி ஏறவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 76 காட்டும். ஏசி ஓடும் நம் கடையில், 25 டிகிரியில், அதே பெட்டி 65 காட்டும். ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலே 11 டிகிரி குறைத்துவிட்டோம்! ஜாப் கார்டில் எழுத வேண்டியது அந்த 40. அதைக் குறைக்கத்தான் நமக்குக் கூலி.

அதைக் குறைக்க வழி உண்டு. இன்டெலின் பெட்டியோடு வரும் கூலரைக் கழற்றியதும் துடைக்காதீர்கள்; பேஸ்ட்டின் தடத்தைப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் தடிப்பாக, நசுங்காமல் இருந்தால் நான்கு பின்களில் ஒன்று போர்டில் சரியாக இறங்கவில்லை. அந்த ஒரு பின்னை அழுத்தி உட்கார வைப்பதில் கிடைக்கும் பலன், எந்த விலையுயர்ந்த பேஸ்ட்டிலும் கிடைக்காது. காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றுவது வேறு. நல்ல பேஸ்ட்டுக்கும் மிக நல்ல பேஸ்ட்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இரண்டு மூன்று டிகிரிதான். ஹீட்சிங்க் இடுக்குகளில் கம்பளிபோல் படியும் சாலைத் தூசியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கவாட்டுத் தகட்டைத் திறந்ததும் வெப்பம் சட்டென்று இறங்கினால் குறை கேபினெட்டில். கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறையிலிருந்து சிபியுவை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பில் போட முடியாது என்பது நம் வருத்தம்.

ஒன்றுமே செய்ய வேண்டாத கேஸ்களும் உண்டு. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையில் பல ப்ராசஸர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. கூலரைப் பெரிதாக்கினால் அவை கூடுதல் வேகம் எடுத்து மறுபடி அங்கேயே போய் நிற்கலாம். எண்ணைக் குறைத்தே ஆக வேண்டும் என்பவருக்கு பயாஸில் ஈகோ மோட் இருக்கிறது: 7700எக்ஸ் எடுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு 142 வாட்டிலிருந்து 88-க்கு இறங்கும், வேகத்தில் இழப்பு கொஞ்சம்தான். இன்டெலில் ஐ5-12400-இன் அடிப்படை 65 வாட், டர்போவில் 117. சில போர்டுகள் நீண்டநேர வரம்பைத் திறந்தே விட்டிருக்கும். கூலரை விற்கும் முன் அதைப் பாருங்கள்.

அறை வெப்பத்துக்கும் கீழே கொண்டுபோக பெல்டியர் தகடு கேட்டு வரும் இளைஞர்களும் உண்டு. சென்னைக் கோடையில் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த உலோகம் வியர்க்கும், தண்ணீர் சாக்கெட்டுக்குள் இறங்கும். அந்த வேலையை எடுக்காதீர்கள்.