பைபர் படகுக்கும் ஒரு ஸ்கேன்

தசராவுக்குப் பேர்போன குலசேகரப்பட்டினம் இப்போது ராக்கெட்டுக்காகவும் பேசப்படுகிறது. அங்கே அமையும் இஸ்ரோ ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. வடக்கே திருச்செந்தூரைத் தாண்டினால் காயல்பட்டினம். அதன் சிங்கித்துறை, கொம்புத்துறை கரைகளில் பைபர் படகுகள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் அடுக்கு உறை கெவ்லார் இழையும் பிசினும் சேர்ந்தது. படகு கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தது. ஒரே குடும்பம்தான்!

ஆனால் கவனிப்பு ஒன்றல்ல. ராக்கெட் உறையை உடைக்காமல் உள்ளே பார்க்க மீயொலிச் சோதனை உண்டு. படகைத் தட்டித்தான் பார்க்கிறார்கள். 'டங்' என்றால் நல்லது, 'பொத்' என்றால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. (கேலி வேண்டாம், விமானத் துறையிலும் நாணயத்தால் தட்டிப் பார்க்கும் முறை உண்டு.) ஆனால் ஆழத்தில் இருக்கும் பிரிவு தட்டினால் தெரியாது. அதற்குள் நீர் இறங்கினால் பலகை பலம் இழக்கும்.

மீயொலி என்பது ஆஸ்பத்திரி ஸ்கேன் மாதிரிதான். ஒலி உள்ளே போய், இடைவெளியில் மோதித் திரும்பும். திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் கணக்கிடுவார்கள். இரும்பில் இது சுலபம், எந்தத் திசையிலும் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர். கார்பன் இழையிலோ, இழை போகும் திசையில் 9,000 மீட்டரைத் தாண்டும் ஒலி, குறுக்கே 3,000 அளவுக்கு இறங்கிவிடும். சாய்வாக அனுப்பினால் இழைப் பக்கம் ஒதுங்கும். பழுது ஓரிடம், கருவி காட்டுவது வேறிடம். படகில் இழைகள் பெரும்பாலும் பாய் போலக் கலந்து கிடப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அங்கே வில்லன், கையால் பூசும்போது சிக்கும் காற்றுக் குமிழிகள். அவை ஒலியைச் சிதறடிக்கும். அதிர்வெண்ணை 1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறக்கினால் ஒலி உள்ளே போகும், ஆனால் சின்னப் பழுதுகள் தப்பிவிடும். ஆக, கருவி மட்டும் போதாது. அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

'இதையெல்லாம் சோதிக்க முடியாது' என்பது பழைய சாக்கு. டைட்டன் நீர்மூழ்கியின் கார்பன் இழைக் கூட்டை ஸ்கேன் செய்யவில்லையே என்று 2018-லேயே கேட்டார் அங்கே வேலை பார்த்த டேவிட் லாக்ரிட்ஜ். வேலை போனது. 2023 ஜூன் 18-ல் டைட்டன் நொறுங்கி 5 பேர் இறந்தார்கள். அவர்கள் விரும்பிப் போனவர்கள். கொம்புத்துறைக்காரர் பிழைப்புக்காகத் தினமும் போகிறவர்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை முழுக்கப் பைபர் படகுகள் அவசரமாக வந்து குவிந்தன. தரம் பற்றி அப்போதே கேள்வி எழுந்தது. தனி ஒருவர் இந்தக் கருவியை வாங்குவது கட்டுப்படியாகாது. நூறு படகுக்குப் பங்கு போட்டால் கணக்கு மாறிவிடும். தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கருவியையும் பயிற்சியையும் அங்கே வைத்துக்கொண்டு, கரை கரையாகப் போய்ப் பார்க்கலாம். புதுப் படகுக்குப் பணம் கைமாறும் முன் ஒருமுறை, அப்புறம் ஒட்டுப் போடும்போதெல்லாம் ஒருமுறை.