ஞாயிற்றின் ஒளியும் நம் கூரைகளும்

திருவிடந்தையில் எழுந்தருளியிருக்கும் பெருமாளுக்கு நித்தியகல்யாணர் என்பது திருப்பெயர். காலவ முனிவரின் புதல்வியர் முந்நூற்றறுபதின்மரை நாளொன்றுக்கு ஒருவராக அவர் மணந்தார் என்று தலபுராணம் கூறும். ஆண்டின் ஒவ்வொரு நாளும் தனக்கென ஒரு சிறப்புடையது என்னும் கருத்து அக்கதையில் அடங்கியுள்ளதென்று கொள்ளினும் பிழையாகாது. அவ்வூர்க் கடற்கரையில் நின்று ஞாயிற்றை நோக்குவார்க்கும் இதுவே புலனாகும். கடலினின்று அஃது எழும் இடமும், நண்பகலில் நிற்கும் உயரமும் நாடோறும் வேறுபடுகின்றன. முன்னர் இது வானநூலார் ஆராயும் பொருளாக மட்டும் இருந்தது. இன்றோ, சோலார் பேனல் என்று வழங்கும் சூரியத் தகடுகள் வீட்டுக் கூரைகளில் ஏறி வருதலின், எளிய குடும்பங்களின் பொருள்நிலையைத் தொடுவதாயிற்று. 2024-ஆம் ஆண்டில் இந்திய அரசினர் தொடங்கிய கூரைமின் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் வகுக்கப்பட்டது. எஞ்சிய தொகையைக் கடன்பட்டுச் செலுத்துவோரும் உளர். அவர்களுக்கு, “ஆண்டொன்றுக்கு இத்துணை மின்சாரம் கிடைக்கும்” என்று எழுதித் தரப்படும் எண் எங்ஙனம் பிறந்தது என்பதை ஆராய்வது கற்றவர் கடமை என்பதே யாம் ஈண்டுக் கூறவந்தது.

சாய்ந்த தகட்டின்மேல் விழும் ஒளி மூவகைப்படும். ஞாயிற்றினின்று நேரே வருவது நேரொளி. முகிலாலும் காற்றிலுள்ள நீராவி, தூசு முதலியவற்றாலும் சிதறி வானமெங்குமிருந்து வருவது சிதறொளி. நிலத்தில் பட்டு மீள்வது எதிரொளி. இம்மூன்றையும் தனித்தனியே கணித்துக் கூட்டுவதே முறை.

நேரொளியின் கணக்கு வெறும் கோணக் கணக்கேயாம். திருவிடந்தை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 12¾ பாகையில் உள்ளது. ஏப்ரல் 24-ஆம் நாளையொட்டியும், ஆகஸ்டு 19-ஆம் நாளையொட்டியும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும்; நட்ட கோலுக்கு நிழல் விழாது. ஜூன் 21-இல் அஃது உச்சிக்கு வடக்கே சுமார் 11 பாகையும், டிசம்பர் 21-இல் தெற்கே சுமார் 36 பாகையும் விலகி நிற்கும். ஆதலின், தகட்டைத் தரைமட்டமாக வைத்தால், நேரே எதிர்கொண்ட தகடு பெறும் நேரொளியை நூறெனக் கொள்ள, ஜூன் மாத நண்பகலில் 98 பங்கும் டிசம்பரில் 81 பங்கும் கிடைக்கும். தெற்கு நோக்கி 13 பாகை சாய்த்தால் இரு காலத்தும் 92 பங்கு கிடைக்கும். குளிர்நாட்டுப் படமொன்றைக் கண்டு 35 பாகை சாய்த்தால், டிசம்பரில் முழுமையும் பெற்று, ஜூனில் 70 பங்கே பெறுவோம். பிறர் சாய்வு நமக்குப் பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

நிற்க. இக்கணக்கு தெளிந்த வானத்திற்கே செல்லும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நம் கரையை மூடும்போது நேரொளி ஏது? அக்காலத்தில் தகடு பெறுவது பெரும்பாலும் சிதறொளியே. அதற்குச் சாய்வினால் ஊதியமில்லை. 13 பாகைச் சாய்வில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும், அவ்வளவே. ஆனால் தை, மாசியில் வானம் தெளியும்போது சாய்வு தன் பயனைத் தரும். சிதறொளி வானமெங்கும் ஒருசீராகப் பரவியதெனக் கொண்டு லியு, ஜோர்டன் என்பார் 1960-களின் தொடக்கத்தில் ஒரு முறை வகுத்தனர். ஞாயிற்றைச் சூழ்ந்தும் அடிவானத்தருகும் அது மிகுதல் கண்டு பெரெஸ் முதலியோர் 1990-இல் அதனைத் திருத்தினர். எனினும், எம்முறைக்கும் நேரொளி எவ்வளவு, சிதறொளி எவ்வளவு என்னும் அளவை இன்றியமையாதது. அரிசியின்றி உலை மட்டும் கொதித்துப் பயனென்ன?

இவ்வுண்மையை நம் நாட்டில் செயலிற் காட்டியவர் அன்னா மணி அம்மையார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற இவர், இந்திய வானிலைத் துறையில் பணியாற்றி, 1957–58-இல் நடந்த அனைத்துலகப் புவி இயற்பியல் ஆண்டையொட்டிக் கதிரொளியை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். அவ்வளவைகளைத் தொகுத்து 1980-இல் நூலாகவும் தந்தார். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் 2011 முதல் இத்தகைய நிலையங்களைப் பல மாநிலங்களிலும் நிறுவியது.

“செயற்கைக்கோள் அளவைகள் இருக்க, நாமும் அளப்பதேன்?” எனச் சிலர் வினவலாம். செயற்கைக்கோள் பரந்த நிலப்பரப்பை ஒருங்கே காண்பது. ஒரு கூரைமேல் விழும் தென்னையின் நிழலையும், மேல்நிலைத் தொட்டியின் நிழலையும், கடற்காற்று படிய வைக்கும் உப்பையும் அஃது அறியாது. அவற்றை அருகிருந்து காண்பவரே அறிவர்.

ஆதலின் எமது வேண்டுகோள் சிறியது. கடற்கரையை அடுத்த கல்லூரிகளின் பௌதிக மாணவர், ஒத்த இரு சிறு தகடுகளை மாடியில், ஒன்றைத் தரைமட்டமாகவும் மற்றொன்றைத் தெற்கு நோக்கி 13 பாகை சாய்த்தும் வைப்பாராக. தகட்டின் இரு முனைகளையும் மின்னோட்டமானி வழியே நேரே இணைத்தால், ஓடும் மின்னோட்டம் பெரும்பாலும் ஒளியின் அளவுக்கு ஒத்திருக்கும். மணிக்கொரு முறை அதனைக் குறித்து, ஓராண்டு முழுதும் காத்து வருவாராக. பெரும் பொருட்செலவு இதற்கு வேண்டா. வேண்டுவது இடையறா ஊக்கமே. அக்குறிப்பேடு நிறைவுறுமாயின், கடன்பட்டுத் தகடு வாங்கும் அயலூர்க் குடும்பத்தலைவர் ஒருவர் நம்மிடம் வந்து, “ஐயா, இந்த எண் மெய்தானா?” என்று கேட்கும்போது, நாம் நூலைப் புரட்டாமல், நம் வானம் சொன்னதையே எடுத்துச் சொல்லலாம்.