கரண்டி வேண்டாம்



ஒரு பிள்ளை வலிப்பு வந்து விழுந்தால் நம் ஊரில் இரண்டு பேர் ஓடி வருவார்கள். ஒருவர் கையில் சாவிக்கொத்து, இன்னொருவர் கையில் கரண்டி. சாவிக்கொத்தால் பலனில்லை, பெரிய கெடுதலும் இல்லை. கரண்டி அப்படியல்ல. நாக்கைக் கடித்துக்கொள்ளுமே என்ற பதற்றத்தில், கிட்டித்துப்போன பற்களுக்கு நடுவே எவர்சில்வரை நெம்பிச் செருகுகிறார்கள். நாக்கில் பட்ட காயம் பெரும்பாலும் தானே ஆறிவிடும். உடைந்த முன்பல் வளராது. அந்தத் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் இருக்கும் மேசை நாற்காலியை நகர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

வலிப்பின்போது மட்டும் பல் உடைவதில்லை, விழுந்தாலும் உடையும். நடக்கவே பாடுபடுகிற பிள்ளைக்குப் பல் ஒரு கவலையா என்று கேட்பவர்கள் உண்டு. கவலைதான். பெருமூளை வாதம் உள்ள பல பிள்ளைகளுக்கு மேல்வரிசை முன்பற்கள் துருத்தி நிற்கும், உதடு அவற்றை முழுதாக மூடாது. தடுக்கி விழும்போது நம் கை தானாக முன்னே போய் ஊன்றிக்கொள்ளும். அவர்களுக்கு அது நேரத்துக்குப் போகாது. முகம்தான் முதலில் தரையில் மோதும். பார்வையற்ற பிள்ளைக்கோ, யாரோ திறந்துபோட்ட அலமாரிக் கதவே போதும்.

அடிபட்ட பிறகும் எல்லாப் பிள்ளைகளாலும் வலிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சாப்பாட்டைத் தள்ளிவிடும், கன்னத்தில் அறைந்துகொள்ளும், ராத்திரி தூங்காது. நாம் அடம் என்கிறோம், சிலர் மிரட்டவும் செய்கிறோம். திடீரென்று பழக்கம் மாறினால் டார்ச் அடித்து வாய்க்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பல் முழுசாக விழுந்துவிட்டால்? பால்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம். உடனே குழியில் பொருத்துவதுதான் சிறந்தது. ஆனால் வலிப்பு வரும் பிள்ளை, விழுங்கிவிடக்கூடிய பிள்ளை என்றால் அந்த முயற்சி வேண்டாம். ஒரு டம்ளர் குளிர்ந்த பாலில் பல்லைப் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போய்விடுங்கள். மீதியை அவர் முடிவு செய்வார்.

போவதுதான் பெரும்பாடு. பாதி ஊர்களில் பல் டாக்டர் மாடியில் இருக்கிறார், கீழே மருந்துக்கடை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தனியார் மருத்துவமனைகளிலும் தடையில்லாமல் போய்வர வழி இருக்க வேண்டும் என்கிறது. சிகிச்சையில் முன்னுரிமை தரவும் சொல்கிறது. அந்தக் குறுகிய படிக்கட்டில் பத்து வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஏறும் அம்மாவுக்கு இதை யாரும் சொன்னதில்லை.

உங்கள் ஊரில் சாய்தளம் இருக்கிற, இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் பொறுமையாக நடந்துகொள்கிற பல் மருத்துவர் யாரையாவது தெரிந்தால் எழுதுங்கள். விசாரித்து, ஊர்வாரியாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்