தோமானைத் திருப்பி விடுவோர் கவனத்திற்கு

மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய பள்ளங்களில் பெரும்பாலானவை, 1985ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஈய விலை சரிந்த பின் கைவிடப்பட்டு, நீர் நிறைந்த குட்டைகளாகவே நின்றுவிட்டன. பத்துகாஜா, தஞ்சோங் துவாலாங், கம்பார் வட்டாரங்களில் பரந்து கிடக்கும் இந்த ஈயக்குட்டைகளிலும், வடக்கே கிரிக் நகருக்கு அப்பால் 1970களில் அணை கட்டித் தேக்கிய தெமெங்கோர் ஏரியிலும் தூண்டில்காரர்கள் பெரிதும் தேடிச் செல்லும் வேட்டை மீன் தோமான் ஆகும். தோட்டத்துத் தமிழர் பால்மரக் காட்டு ஓடைகளில் பிடித்துக் குழம்பு வைத்த விராலுக்கு, அதாவது மலாய்க்காரர் ஹாருவான் என்று அழைக்கும் மீனுக்கு, இது நெருங்கிய உறவு. ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் நீளவும் 20 கிலோ வரை எடை கூடவும் வல்லது.

பிடித்த மீனை உண்பதில் பழி ஏதுமில்லை. உயிரோடு திருப்பி விடுவதே நோக்கமாகத் தூண்டில் போடுவோர் தொகை பெருகிவரும் இக்காலத்தில், விட்ட மீன் உண்மையில் பிழைக்கிறதா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. கனடாவில் வானவில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைக் கொண்டு நடந்த ஆய்வொன்று, 1992இல் வெளியானது, இதற்கு அதிர்ச்சியளிக்கும் விடை தந்தது: களைக்கும்வரை விரட்டப்பட்டு நீருக்குள்ளேயே விடப்பட்ட மீன்களில் 12 விழுக்காடு இறந்தன, அவ்வாறே களைத்த பின் ஒரே ஒரு நிமிடம் காற்றில் வைக்கப்பட்டவற்றில் இறந்தவை 72 விழுக்காடு. கைவிட்டு நழுவி நீந்திச் செல்லும் மீன் எல்லாம் தப்பிவிட்டது என்று கருத இடமில்லை.

தோமான் இந்த விதிக்கு விலக்கு என்று பலர் நம்புவதற்குக் காரணம் உண்டு. அதன் செவுள்களுக்கு மேலே, தலைக்குள், காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் அறை போன்ற உறுப்பு இருப்பதால், அது அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை விழுங்கிச் செல்கிறது. கெலா, செபாராவ் போன்ற மீன்கள் திணறும் நேரத்தையும் இது தாங்கும் என்பது மெய்யே. ஆயினும் வெயிலில் காய்ந்த படகின் தளத்தில் கிடத்தப்படும் தோமானின் உடலை மூடியிருக்கும் வழுவழுப்பான கோழை உரிந்துபோகிறது. பூஞ்சையும் ஒட்டுண்ணிகளும் தோலில் இறங்காமல் காப்பது அந்தக் கோழைப் படலம்தான். அது போனால் கேடு உடனே தெரிவதில்லை, நாட்கள் கழிந்தே தெரியும். வேறொரு பிழை இதற்கு நேர் எதிரானது. விடுமுன் களைப்பாற்றுவதாக எண்ணித் தோமானை நீருக்குள் நெடுநேரம் அமுக்கிப் பிடிப்போரும், வலைக்குள் கட்டி ஆழத்தில் தொங்கவிடுவோரும் உளர். மேலே வந்து காற்றை விழுங்க வழியில்லாத விரால் இன மீன் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறந்துபோகும். களைத்த நிலையில் அதற்குக் காற்று கூடுதலாகவே வேண்டியிருக்கும் என்பதால், வாய் நீர்மட்டத்தை எட்டும்படி உடலைத் தளர்வாகத் தாங்கி, தானே உந்திச் செல்லும்வரை காத்திருப்பதே முறை.

ஆகவே ஆயத்தம் தூண்டில் வீசுமுன்பே தொடங்க வேண்டும். போலி இரையில் தொங்கும் மும்முனை முட்களை ஒற்றை முட்களாக மாற்றி, முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறடால் நசுக்கிவிட்டால், முள் நொடியில் கழன்றுவிடும்; தோமானின் கோரைப்பற்கள் விரலைக் கிழிக்கக்கூடியவை என்பதால் நீண்ட மூக்குக் குறடு கையிலிருப்பது ஆளுக்கும் காப்பு. மெல்லிய நரம்பைக் கொண்டு மீனுடன் நெடுநேரம் மல்லாடுவது வீரமாகத் தோன்றினாலும், அதன் தசைகளில் லாக்டிக் அமிலத்தைத் தேக்கி மீனை வீழ்த்துவது அதுவே. முடிச்சில்லாத ரப்பர் வலையில் ஏந்தி, நனைத்த கைகளால் ஒரு கை தாடைப் பக்கமும் மறு கை வயிற்றின் கீழுமாகக் கிடையாகத் தாங்க வேண்டும். தாடையை மட்டும் கவ்வியில் மாட்டி, பெரிய மீனைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு எடை பார்ப்பது கைவிடத்தக்க வழக்கம். நனைந்த வலையோடு நிறுத்து, வலையின் எடையைக் கழித்தால் போதும்.

அமேசான் பகுதியிலிருந்து வந்து ஈயக்குட்டைகளில் பரவிவிட்ட பீகாக் பாஸுக்கு இந்தப் பரிவு பொருந்தாது. உள்ளூர்ச் சிறுமீன்களை விழுங்கிப் பெருகும் அதனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பதே குட்டைக்குச் செய்யும் உதவி.

எல்லாவற்றினும் கொடியது தோமான் குஞ்சுக் கூட்டத்தின் மீது இரை வீசும் பழக்கம். செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக மேலெழுந்து காற்று வாங்கும்போது, நீர்ப்பரப்பின் ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவது போலக் கொப்பளிக்கும். அதற்குக் கீழே பெற்றோர் காவல் நிற்கும் என்பதைத் தூண்டில்காரர் அறிவர். அந்தத் தோமான் இரையைத் தாக்குவது பசியால் அன்று, குஞ்சுகளைக் காக்கவே. அது படகில் படமெடுக்கப்படும் சில நிமிடங்களுக்குள் பிற மீன்கள் குஞ்சுகளைச் சூறையாடிவிடலாம். பிறகு எவ்வளவு மென்மையாக விட்டாலும் ஈடாகாது. கொப்பளிக்கும் நீரைக் கண்டவர்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு படகை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.