காளிக்கு யார் கொடுத்த வேஷம்?

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதிலிருந்து வீட்டு ரிமோட் என் மகள் கையில். எட்டு வயசு. போன வாரம் 'ஹெர்குலிஸ்' கார்ட்டூன் படத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அப்பா, ஹேடீஸ்னா சாத்தானா?"

என்னத்தைச் சொல்ல? 1997-ல் வந்த படம். ஹேடீஸின் தலையில் நீலத் தீ, வாயெல்லாம் நக்கல், கைக்குழந்தையைக் கடத்திக் கொல்லப் பார்க்கும் சூழ்ச்சி. பழைய கிரேக்கர்கள் அறிந்த ஹேடீஸ் வேறு. அண்ணன் தம்பி மூவரும் சீட்டுப் போட்டுப் பங்கு பிரித்ததில் ஜீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், இவருக்குப் பாதாளம். விழுந்த சீட்டுக்கு அவர் என்ன செய்வார்? கறார் பேர்வழி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பமாட்டார், அவ்வளவுதான். விளைச்சலும் பொன்னும் மண்ணுக்குள்ளிருந்து வருவதால் செல்வம் தருபவர் என்று பெயரிட்டும் கும்பிட்டார்கள். "நம்ம எமதர்மராஜா மாதிரிம்மா" என்றேன். அவள் நம்பவில்லை.

தொட்டிலில் கிடந்த ஹெர்குலிஸைக் கொல்லப் பாம்பை ஏவியது, புராணப்படி, ஜீயஸின் மனைவி ஹீரா. புருஷனுக்கு அல்க்மீனி என்ற வேறொருத்தி வயிற்றில் பிள்ளை பிறந்ததே, அந்த ஆத்திரம். படத்தில் ஹீராதான் பெற்ற தாய், பாசக்காரி. சிறுபிள்ளைகளுக்குச் சக்களத்திச் சண்டை வேண்டாம் என்பது சரி. அதற்காகப் பழியைத் தூக்கிப் பாதாளத்துக்காரர் தலையில் போடுவதா? அதோடு, கலைத் தேவதைகளான மியூஸ்கள் பாடுவது அமெரிக்கச் சர்ச்சுகளின் கோஸ்பல் பாணியில்! சரஸ்வதியைக் கொயரில் நிறுத்திய மாதிரி இருக்கிறது.

இந்தப் பழைய சாமிகளைக் கும்பிட்டவர்களுக்குக் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர் பேகன். அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு நாட்டுப்புறத்தான் என்றுதான் முதலில் அர்த்தம். நம் பேச்சில், பட்டிக்காட்டான். இங்கே வந்த மிஷனரிகள் நம்மைச் சொன்ன 'அஞ்ஞானி'யும் அதே வரிசைதான். செத்துப்போன சாமிகள்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று படம் எடுப்பவர்களுக்கு நினைப்பு போலிருக்கிறது. ஆனால் ஐஸ்லாந்தில் வடஐரோப்பியப் பழைய சாமிகளான தோரையும் ஓடினையும் கும்பிடுகிறவர்களின் சங்கத்துக்கு 1973-லேயே அரசு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் டிவி பார்க்கத்தானே செய்யும்?

இதற்குள் ஊரிலிருந்து வந்த அண்ணன் மகன் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' படத்தைப் போட்டுவிட்டான். 1984-ல் ஸ்பீல்பெர்க் எடுத்தது. அரண்மனை விருந்தில் குரங்கு மூளை, சூப்பில் மிதக்கும் கண்விழி. காளி சிலைக்கு முன்னால் பூசாரி வேஷத்தில் நடிகர் அம்ரிஷ் பூரி ஒருவன் நெஞ்சில் கையை விட்டுத் துடிக்கத் துடிக்க இதயத்தைப் பிடுங்குகிறார். கதை நடப்பது இந்தியாவில். கதையை மாற்றச் சொல்லி இங்கே அனுமதி மறுத்ததால், இலங்கையில் கண்டிப் பக்கம் போய் எடுத்தார்கள். அமெரிக்கப் பெற்றோர்கள் கொதித்தது உண்மைதான், 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எச்சரிக்கை என்று புதிய தணிக்கைக் குறியீடே அந்த வருஷம் வந்தது. ஆனால் கொதிப்பெல்லாம் ரத்தத்தைப் பார்த்து. காளியைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

நம் சீரியல்கள் மட்டும் யோக்கியமா? மண்டையோட்டு மாலையும் எலுமிச்சம்பழமுமாய் ஒரு மந்திரவாதி வந்தால், அவனுக்குப் பின்னால் நிற்பதும் காளி சிலைதான்.

எங்கள் குலதெய்வம் காளியம்மன். ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைக்கப் போயிருந்தோம். பூசாரி பெரியப்பாவுக்கு எழுபது வயசு, ஆட்டுக்குட்டிக்குக்கூட அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன். எலுமிச்சம்பழத்தை எடுத்து "இந்தாம்மா" என்று நீட்டினார். மகள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். பார்வை முழுக்க அவர் கைமேல்.

"பாப்பா ஏன்யா மெரளுது?" என்றார்.

"வெயில், பெரியப்பா" என்றேன்.