முழு முகவரி எதற்கு?

பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைக்கும்போதெல்லாம் ஊர், தெரு, கதவு எண், தந்தை பெயர் அத்தனையும் சொல்லியா அழைக்கிறோம்? இன்னாள் என்று தெரிந்தபின் பெயர் ஒன்றே போதுமே! கணினி நிரல் எழுத உட்கார்ந்தால் மட்டும் இது நமக்கு மறந்துவிடுகிறது.

சென்ற பருவத்தில், மதிப்பெண்களைக் கூட்டும் பயிற்சி நிரலொன்றைப் பைத்தான் மொழியில் எழுதினேன். "பள்ளி.வகுப்பு[10].மாணவி[23].மதிப்பெண்.தமிழ்" என்பது அதில் ஒரு வரி. ஐந்து பாடங்களுக்கும் இதே நீளச் சங்கிலிதான். அறிவியலுக்கு வந்தபோது 23 என்பதை 32 என்று தட்டிவிட்டேன். அந்த எண்ணிலும் ஒரு மாணவி இருந்ததால் கணினி பிழையென்று சொல்லவில்லை. ஒருத்தியின் மதிப்பெண் மற்றொருத்தியின் கூட்டுத்தொகையில் போய்ச் சேர்ந்தது. உண்மையான தேர்ச்சி அறிக்கையாக இருந்திருந்தால்?

"கணினிக்குத்தான் சோர்வில்லையே, நீளமாக எழுதினால் என்ன?" என்பர் சிலர். கணினிக்கு இல்லை, தட்டுகிற விரலுக்கும் சரிபார்க்கிற கண்ணுக்கும் உண்டே! தொடக்கத்திலேயே "மதிப்பெண் = பள்ளி.வகுப்பு[10].மாணவி[23].மதிப்பெண்" என்று பெயரிட்டுவிட்டால், பிறகு "மதிப்பெண்.தமிழ்", "மதிப்பெண்.கணிதம்" என்று எழுதினால் போதும். மாணவியின் எண் ஒரே இடத்தில்தான் வரும்.

அதற்காக ஒரேயடியாகச் சுருக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். என் தோழி ஒருத்தி "ம" என்று பெயர் வைத்தாள். இரண்டு வாரம் கழித்து அது மதிப்பெண்ணா, மாணவியா என்று அவளுக்கே விளங்கவில்லை! மிகையாகக் கூறுவதோடு குறைவாகக் கூறுவதையும் குற்றமென்று நன்னூலில் பவணந்தியார் சொன்னது இதற்கும் பொருந்துகிறது.

1970-இல் வெளிவந்த பாஸ்கல் மொழியில் "வித்" என்றொரு வசதி உண்டு. சங்கிலியை ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த வரிகளில் "தமிழ்" என்று மொட்டையாகவே எழுதலாம். கேட்க இனிக்கிறது. ஆனால் "தமிழ்" என்ற பெயரில் வேறொரு மாறியும் இருந்தால், எது எதுவென்று படிப்பவர் திகைப்பார். ஜாவாஸ்கிரிப்டிலும் இத்தகைய வசதி இருந்தது. 2009-இல் வந்த தரநிலையின் கண்டிப்பு முறையில் அதற்குத் தடை விதித்துவிட்டார்கள். சரியான முடிவென்பேன்.

இன்னொன்று. பைத்தானில் மதிப்பெண் தொகுதிக்குப் பெயரிட்டு, அதன் வழியே "மதிப்பெண்.தமிழ்" என்பதைத் திருத்தினால் மூலத்திலும் திருந்தும். தமிழ் மதிப்பெண்ணாகிய எண்ணுக்கு மட்டும் தனிப்பெயர் சூட்டி, அப்பெயருக்குப் புதிய எண்ணைக் கொடுத்தால் மூலம் பழையபடியே இருக்கும். இது தெரியாமல் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் தொலைத்தவள் நான்!